‘நெகிழ்வு’ யார் கையில்? எலன் கோசெக்கின் ஆய்வும் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளும்

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் மசோதா அது. அரசுத் தரப்பு சொன்ன விளக்கம் இதுதான்: வேலை நேரத்தில் நெகிழ்வு வேண்டும் என்று முதலீட்டாளர்கள் கேட்கிறார்கள், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு மாறாது, நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை என்றும் வைத்துக்கொள்ளலாம். தொழிற்சங்கங்கள் கொந்தளித்தன. கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. 24-ஆம் தேதி மசோதாவை நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று முதலமைச்சர் ஸ்டாலின் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

கிட்டத்தட்ட அதே சமயத்தில், கொரோனாவுக்குப் பிறகு ஆபீசுக்குத் திரும்பக் கூப்பிடப்பட்ட ஐ.டி. ஊழியர்களும் ‘நெகிழ்வு வேண்டும்’ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொல் ஒன்றுதான். தொழிற்சாலை வாசலில் அதைக் கேட்டால் பயம், கணினி முன்னால் உட்கார்ந்தவருக்கு அதே சொல் ஒரு சலுகை. அப்புறம் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று நாராயண மூர்த்தி சொன்னது (அக்டோபர் 2023), 90 மணி நேரம் என்று எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் சொன்னது (ஜனவரி 2025), பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது என்று விவாதம் ஓயவே இல்லை.

இந்தக் குழப்பத்தைப் பிரித்துப் பார்க்க நல்ல கருவிகளைத் தந்தவர்களில் ஒருவர் எலன் கோசெக். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் மேலாண்மைப் பேராசிரியர். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் கோட்டைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர். அவர் பார்த்தது அமெரிக்க நிறுவனங்களை. ஆனால் அவர் பேசும் விஷயம் செட்டிநாட்டுக்காரர்களுக்குப் புதிதாக இருக்காது என்பது என் எண்ணம்.

முதலில் சொற்கள்

1. நெகிழ்வு. ஆய்வாளர்கள் இதை நான்காகப் பிரிக்கிறார்கள். எப்போது வேலை செய்வது என்பதில் நெகிழ்வு, எங்கிருந்து செய்வது என்பதில் நெகிழ்வு, எவ்வளவு வேலை என்பதில் நெகிழ்வு (பகுதி நேரம், குறைந்த பொறுப்பு), இடைவெளி விட்டுத் திரும்பி வருவதில் நெகிழ்வு (மகப்பேறு விடுப்பு, நீண்ட விடுப்பு). ‘எங்கள் கம்பெனியில் நெகிழ்வு உண்டு’ என்று ஒருவர் சொன்னால், நான்கில் எது என்று கேட்க வேண்டும்.

2. மோதல். வேலையும் குடும்பமும் எப்படி முட்டிக்கொள்கின்றன என்று கிரீன்ஹவுஸ், ப்யூட்டெல் என்ற இருவர் 1985-இல் மூன்றாகப் பிரித்தார்கள். நேரத்தால் வரும் மோதல்: பள்ளிக்கூட விழாவும் மீட்டிங்கும் ஒரே மணிக்கு. அழுத்தத்தால் வருவது: உடம்பு வீட்டில் இருக்கிறது, மனசு ஆபீசில். நடத்தையால் வருவது: ஆபீசில் அதட்டி வேலை வாங்கிய குரலிலேயே வீட்டுப் பிள்ளையிடம் பேசுவது. வேலை நேரத்தை மாற்றினால் முதல் மோதல் குறையலாம். மற்ற இரண்டும் அவ்வளவு சுலபத்தில் அசையாது.

3. எல்லை. வேலை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்ற கோடு. அது கடிகாரமாக இருக்கலாம், கதவாக இருக்கலாம், செல்போனை அணைத்து வைப்பதாகவும் இருக்கலாம்.

4. கட்டுப்பாடு. அந்தக் கோட்டை எங்கே போடுவது, எப்போது அழிப்பது என்று முடிவெடுப்பவர் யார்? கோசெக்கின் ஆய்வு முழுவதும் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இங்கேதான்.

ஒரே கூரை, தனித்தனி அடுப்பு

எல்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ ஒரு நகரத்தார் வீட்டுக்குள் நடந்தால் போதும். தெருவை ஒட்டித் திண்ணை. அடுத்து முகப்பு, கணக்கு வழக்கு, வந்தவர்களிடம் பேச்சு எல்லாம் அங்கே. அதைத் தாண்டினால் வளவு: நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி. வியாபாரத்துக்காக வந்த ஆள் முகப்போடு நின்றுவிடுவார். அடுத்த வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று அவருக்கு யாரும் பலகை எழுதி மாட்டியிருக்க மாட்டார்கள்.

இதைவிட நுட்பமானது ‘வேறு வைத்தல்’. மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம் போனதும், அதே வீட்டுக்குள் அவனையும் மருமகளையும் தனியாக வைப்பார்கள். தனி அடுப்பு, தனி வரவு செலவு. கூரையும் முற்றமும் சாமியும் பொது, உலை மட்டும் தனித்தனி. விசேஷம் என்றால் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள், மறுநாள் அவரவர் அடுப்பு. எதைக் கலப்பது, எதைப் பிரிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடு அது. ஒரு வீட்டுக்குள் மாமியார், ஓரகத்திகள், பிள்ளைகள் என்று பெருங்கூட்டம் சேர்ந்திருக்க முடிந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

கலப்பவர், பிரிப்பவர், மாறி மாறிப் போகிறவர்

கோசெக்கும் கனடாவின் பிரெண்டா லாட்ஷும் சேர்ந்து 2008-இல் எழுதிய ஒரு நூலில் மனிதர்களை மூன்று வகையாகப் பார்க்கிறார்கள். வேலையையும் வீட்டையும் குழைத்துக் கலந்து வாழ்பவர் ஒரு வகை. இரண்டையும் வெட்டிப் பிரித்து வைப்பவர் இன்னொரு வகை. சில மாதம் ஒன்றிலேயே மூழ்கி, பிறகு மற்றொன்றுக்கு மொத்தமாகத் தாவுபவர் மூன்றாவது வகை; பந்தைப் போல அங்கும் இங்கும் போகிறவர்.

இதில் எது நல்லது என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர்கள் செய்தது வேறு: ஒவ்வொரு வகைக்கும் இரண்டு முகம் உண்டு என்று காட்டினார்கள்.

1. கலப்பவர்களில், கலப்பதைத் தானே விரும்பித் தேர்ந்தவர் உண்டு. வருகிற அழைப்புக்கெல்லாம் பதில் சொல்லியே நாள் ஓடிப்போகிறவரும் உண்டு. பார்வைக்கு இருவரும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். இருவர் கையிலும் சாப்பாட்டு நேரத்தில் போன் இருக்கும்.

2. பிரிப்பவர்களில், தனக்கு முக்கியமானதை முன்னால் வைத்துக் கோடு போட்டவர் உண்டு. வேறு வழியில்லாமல் ஒரு பக்கமே அடைபட்டுக் கிடப்பவரும் உண்டு. மூன்று வருஷமாக மகளின் பிறந்த நாளுக்கு வீட்டில் இல்லாத ஓட்டல் சமையல்காரர் வேலையையும் வீட்டையும் ‘பிரித்து’த்தான் வைத்திருக்கிறார். அவர் கேட்டு வாங்கிய பிரிவு இல்லை அது.

3. மாறி மாறிப் போகிறவர்களில், எப்போது எதற்கு நேரம் என்று திட்டமிட்டுத் தாவுபவர் உண்டு. வேலை தூக்கிப் போட்ட பக்கமெல்லாம் பறக்கிறவரும் உண்டு.

இரண்டு முகத்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கட்டுப்பாடு மட்டுமே. ‘போனை அணைத்து வை’, ‘வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதே’ என்று எல்லாருக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து இரவு பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறப்பவருக்கு அந்த இரவு வேலை ஒரு வசதியாகவே இருக்கலாம்.

கொண்டுவிக்கப் போனவர்கள்

மூன்றாவது வகைக்குச் செட்டிநாட்டைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை. கொண்டுவிக்கப் போவது என்றால் கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போவது. பர்மா, இலங்கை, மலேயா என்று லேவாதேவிக் (வட்டிக்குப் பணம் கொடுக்கும்) கடை வைத்த காலத்தில் கடையை நடத்தப் போன ஏஜெண்டுகளுக்குப் பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம், கணக்கு முடிந்ததும் லாபத்தில் ஒரு பங்கு. மூன்று வருஷம் ரங்கூனில் கடையே வீடு. பிறகு ஊருக்கு வந்து சில காலம் கோயில், கல்யாணம், வீடு கட்டுதல். அப்புறம் மறுபடி கப்பல். குடும்பம் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தது.

இன்றைய கண்ணால் பார்த்தால் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை தெரிகிறது: காலம் முன்பே எழுதப்பட்டிருந்தது. மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷம். ஆனால் கட்டுப்பாடு யார் கையில் இருந்தது என்று கேட்டால், முதலாளி கையில் முழுசாக, ஏஜெண்ட் கையில் கொஞ்சமாக. வளவில் இருந்து வரவு செலவைப் பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, மாமியாரைக் கவனித்த ஆச்சியிடம் இந்தக் கணக்கை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. பர்மாத் தேக்குத் தூண்களைப் புகைப்படம் எடுக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து வேலை: ஆய்வுகள் கண்டது

இப்போது காரைக்குடிக்கே சென்னை, பெங்களூரு கம்பெனி வேலை வந்துவிட்டது. பல்லவன் எக்ஸ்பிரசுக்கு விடியற்காலையில் ஓட வேண்டியதில்லை. இரண்டாம் கட்டில் ஒரு மேசை, ஒரு ஃபைபர் இணைப்பு, பவர் கட்டுக்கு ஒரு யுபிஎஸ். இதனால் நன்மையா? பதில் ஒரே வரியில் இல்லை.

கோசெக், லாட்ஷ், சூசன் ஈட்டன் மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்களின் 245 ஊழியர்களைப் பார்த்தது. அவர்கள் ஒரு காரியத்தைக் கவனமாகச் செய்தார்கள்: வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதி இருக்கிறதா என்பதைத் தனியாகவும், ‘எங்கே, எப்போது, எப்படி வேலை செய்வது என்பது என் கையில்தான்’ என்ற உணர்வு இருக்கிறதா என்பதைத் தனியாகவும் அளந்தார்கள். அந்த உணர்வு அதிகமாக இருந்தவர்களிடம் வேலையை விட்டுப் போகும் எண்ணமும் குடும்பத்தால் வேலையில் வரும் மோதலும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன. வேலையையும் வீட்டையும் ரொம்பக் கலந்து வைத்தவர்களிடம் அந்த மோதல் கூடுதலாக இருந்தது. அனுமதிக் கடிதமும் சுதந்திரமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நிறுவனத்துக்கு நஷ்டமா என்ற கேள்விக்கு ஸ்டான்ஃபோர்டின் பொருளியலாளர் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் 2024-இல் வெளியிட்ட சீனப் பரிசோதனை பதில் சொல்கிறது. 1,612 பேர்; ஒரு பிரிவுக்கு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. அந்தப் பிரிவில் வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். வேலைத் திறனிலும் பதவி உயர்விலும் பின்னடைவு இல்லை.

ஆனால் வீடு என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே இடம் இல்லை. இந்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார். அதே வேலையில் ஈடுபடும் ஆண், 88 நிமிடம். இதை வைத்துக்கொண்டு ஒரு காட்சியைப் பாருங்கள். இரண்டாம் கட்டில் மீட்டிங் ஓடுகிறது. மைக்கை அணைத்து வைத்திருக்கிறார் ஒரு பெண். குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டது, முற்றத்தில் வடகம் காய்கிறது, வானம் கறுக்கிறது. ‘வீட்லதானே இருக்கே, அதை எடுத்து வச்சிரு ஆத்தா’ என்று முகப்பிலிருந்து ஒரு குரல். சொல்பவர் கொடுமைக்காரர் இல்லை. அவர் கண்ணுக்கு அந்த மேசை ஆபீசாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். சென்னையிலிருக்கும் மேலாளர் கண்ணுக்கோ அது எந்நேரமும் திறந்திருக்கும் ஆபீஸ். இரண்டு பக்கமும் இடிபடுகிற கோடு அந்தப் பெண்ணுடையது.

கோசெக்கும் கூட்டாளிகளும் 2015-இல் இதைப் பொறிகள் என்றே எழுதினார்கள். நெகிழ்வைக் கொண்டுவந்த நிறுவனங்கள் விழும் பொறிகள் மூன்று: வேலையும் வாழ்வும் எதிர்பாராத விதத்தில் பின்னிக்கொள்வது, ‘அவருக்கு மட்டும் ஏன்?’ என்ற நியாயக் கேள்வி, கூடி வேலை செய்யும் பண்பு தேய்ந்து போவது.

கேட்பவரை மேலாளர் எப்படிப் பார்க்கிறார் என்பதும் கணக்கில் வரும். லிசா லெஸ்லி குழுவினர் 2012-இல் கண்டது: நெகிழ்வைக் கேட்டவர் வேலையை நன்றாகச் செய்யத்தான் கேட்கிறார் என்று மேலாளர் நினைத்தால் அவருடைய வளர்ச்சிக்கு அது உதவுகிறது. சொந்த வாழ்க்கைக்காகக் கேட்கிறார் என்று நினைத்தால் அதுவே பாதகமாகிறது. இது தெரிந்தோ தெரியாமலோதான் நம் ஆட்கள் அப்பாவின் டயாலிசிஸ் நாளை ‘டாக்குமெண்டேஷன் வேலை இருக்கு, வீட்டிலிருந்து செய்கிறேன்’ என்று எழுதிப் போடுகிறார்கள்.

சூப்பர்வைசர் என்ற வாசற்படி

லெஸ்லி ஹாமர் என்பவருடன் சேர்ந்து கோசெக் செய்த இன்னொரு வேலை, மேலாளரின் ஆதரவு என்றால் என்ன என்று பிரித்துக் காட்டியது. ஊழியர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது. ஷிப்ட் மாற்றுவது போன்ற கைக்கு எட்டும் உதவி. தானே நேரத்துக்குக் கிளம்பி முன்மாதிரியாக இருப்பது. வேலையையே இரு தரப்புக்கும் தோதாக மாற்றி அமைப்பது. நான்காவதுதான் அரிது.

அமெரிக்காவில் 12 மளிகைக் கடைகளில் இதைச் சோதித்தார்கள். ஆறு கடைகளின் சூப்பர்வைசர்களுக்குச் சிறு பயிற்சி, மற்ற ஆறில் பயிற்சி இல்லை. வீட்டுச் சுமை அதிகமுள்ள ஊழியர்களுக்கு இதனால் உடல்நலமும் வேலைத் திருப்தியும் கூடின. சுமை குறைந்தவர்களுக்கு நன்மை இல்லை, சில விஷயங்களில் பாதகமாகவும் போனது. நல்ல கொள்கை எல்லாருக்கும் இனிக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த முடிவு கசக்கும்.

ஆத்தங்குடியில் வீட்டிலிருந்து வேலை கிடையாது

ஆத்தங்குடிக் கல் செய்கிறவரைப் பாருங்கள். கண்ணாடித் தட்டு, மேலே உலோகச் சட்டம், உள்ளே பூ வடிவ அச்சு. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார். கை நடுங்கினால் மஞ்சளும் பச்சையும் கலந்துவிடும். அச்சை நேராகத் தூக்கி, மேலே உலர்ந்த சிமென்டையும் மணலையும் தூவி, ஈரக் கலவையை வைத்துச் சமன் செய்கிறார். பிறகு உலர்த்தல், தண்ணீர்த் தொட்டி, வெயில். கரைத்த குழம்பு இறுகத் தொடங்கிவிட்டால் யாருக்காகவும் காத்திருக்காது.

இவருக்கு எங்கிருந்து வேலை என்ற நெகிழ்வு பொருந்தாது. மற்ற மூன்றும் பொருந்தும். வெயில் ஏறுமுன் தொடங்கி மதியத்தோடு முடிப்பது, திருவிழா வாரத்துக்குக் கூலி போகாமல் நாள் மாற்றிக்கொள்வது, கை முறிந்து இரண்டு மாதம் கழித்து வந்தாலும் தன் தட்டு தனக்கு இருப்பது. கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில் இவை எதுவும் எழுத்தில் இருக்காது. முதலாளியின் மனசில் இருக்கும்.

கோசெக்கும் லாட்ஷும் 2018-இல் வெளியிட்ட பெரிய தொகுப்பாய்வு இதைத்தான் தொட்டது: நெகிழ்வு யாருக்கு? மேல்மட்ட வேலைகளில் நேரமும் இடமும் ஊழியர் கைக்கு வருகின்றன. கீழ்மட்டத்தில் அதே சொல் தலைகீழாகிறது. அங்கே வளைவது தொழிலாளி. வேலை இருந்தால் கூப்பிடுவது, இல்லாவிட்டால் ‘நாளைக்கு வாங்க’ என்று அனுப்பிவிடுவது. கானாடுகாத்தானில் ஒரு பாரம்பரிய ஓட்டலில் சீசனுக்குச் சமைக்கப் போகிறவருக்கு விருந்தாளி எண்ணிக்கைதான் ஷிப்ட் அட்டவணை. 2023 மசோதாவைத் தொழிலாளர்கள் எப்படிப் படித்தார்கள் என்பது இங்கே விளங்கும். மூன்று நாள் விடுமுறை நல்ல செய்திதான். அதைத் தேர்ந்தெடுக்கப் போவது தாங்கள் என்று அவர்கள் நம்பவில்லை.

சட்டத்தில் ‘லாம்’

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. வீட்டிலிருந்து வேலை பற்றியும் ஒரு பிரிவு சேர்த்தது: வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்ய முதலாளி அனுமதிக்கலாம், நிபந்தனைகளை இருவரும் பேசி முடிவு செய்யலாம். அந்த ‘லாம்’ என்ற இரண்டெழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. காப்பகம் கடமை, வீட்டிலிருந்து வேலை விருப்பம்.

தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்றார்கள். ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றவருக்கு உட்காரும் உரிமைக்கே ஒரு சட்டம் தேவைப்பட்ட ஊரில் நாம் நெகிழ்வைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு வேலை ஒப்பந்தம் கைக்கு வந்தால்

‘நெகிழ்வான வேலை நேரம்’ என்று அதில் எழுதியிருந்தால் கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. நேரத்தை மாற்றுவது நானா, நீங்களா? இருவரும் என்றால், ஒத்துவராதபோது யார் சொல் நிற்கும்?

2. மாற்றத்தை எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள்? கோசெக் பேசும் கட்டுப்பாட்டை இந்த ஒரு எண்ணிலேயே பாதி அளந்துவிடலாம்.

3. இரவு எட்டு மணிக்கு வரும் செய்திக்குக் காலையில் பதில் சொன்னால் என்ன ஆகும்? பிரான்ஸில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் இதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இங்கே மக்களவையில் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்ததோடு நிற்கிறது.

4. 12 மணி நேரம் வேலை செய்த நாளுக்கு மிகுதி நேரக் கூலி எப்படி? 2025 நவம்பர் வரை இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி தாண்டினால் இரட்டைக் கூலி என்று இருந்தது. நாள் வரம்பை நீட்டினால் அந்த இரட்டைக் கூலி எங்கிருந்து எண்ணப்படும் என்பதைக் கேட்காமல் விடக் கூடாது.

5. இதே வசதி துப்புரவு செய்பவருக்கும் காவலாளிக்கும் உண்டா? ‘அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்க’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.